சின்னத் துப்பாக்கியும் பெரிய சத்தமும்

பாயிண்ட் டூ டூ துப்பாக்கியைப் பற்றி ஓர் இலக்கிய இதழில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். மலேசியத் தமிழர்களாகிய நாம் துப்பாக்கியை இரண்டே இடங்களில்தான் சந்திக்கிறோம். ஒன்று திரையரங்கு. அங்கே விசில் அடிக்கிறோம். இன்னொன்று, போலீஸ் சுட்டதில் இத்தனை பேர் பலி என்று வரும் பத்திரிகைச் செய்தி. அங்கே பெயர்களைத் தேடிப் பார்த்துவிட்டுத் தாளை மடித்துவைக்கிறோம். துப்பாக்கியைப் பற்றி நிதானமாகப் பேசுவதற்கு மூன்றாவதாக ஓர் இடம் நம்மிடம் இல்லை. அந்த இடம் வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சுங்கை காடுட் சுற்றுவட்டாரத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தருகிறவன் நான். தோட்டம் துண்டாடப்பட்டபோது லயத்தை விட்டு வெளியேறி, தாமான் துவாங்கு ஜாபார் பக்கத்து மலிவுவிலை வீடுகளுக்கு வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்தாம் என்னிடம் படிக்கிறார்கள். கொஞ்ச காலமாக இவர்களின் பெற்றோரிடம், பிள்ளைகளைக் குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் சேர்க்க நாம் முயற்சி எடுத்தால் என்ன என்று பேசிவருகிறேன். இரண்டு வகைப் பதில்கள் வந்தன. தாய்மார்கள், "ஏற்கெனவே நம்ம பையன்க மேல கேங்குன்னு பேரு. நீங்க வேற கையில துப்பாக்கியக் குடுக்கப் போறீங்களா சார்?" என்றார்கள். இளைஞர்கள் சிரித்தார்கள். "பாயிண்ட் டூ டூவா? அது பொம்மை சார். சுட்டா சத்தமே வராது."

முதல் பதிலுக்குப் பின்னால் பயம் இருக்கிறது. அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. இரண்டாவது பதிலுக்குப் பின்னால் இருப்பது சினிமா மட்டும்தான். முதலில் அந்தப் 'பொம்மை'யை எடுத்துக்கொள்வோம்.

சாதாரணமாக ஒரு தோட்டாவின் அடிப்பாகத்தின் நடுவில் சின்னதாக ஒரு தீமூட்டி இருக்கும். துப்பாக்கியின் ஊசி அதைக் குத்தினால் மருந்து பற்றிக்கொள்ளும். ரிம்ஃபயர் எனப்படும் வகையில் இப்படித் தனியாக எதுவும் கிடையாது. குப்பியின் அடி விளிம்புக்குள்ளேயே தீமூட்டும் கலவையைப் பூசிவிடுகிறார்கள். ஊசி விளிம்பை நசுக்கும், மருந்து பற்றும். செய்வது எளிது, அதனால் விலை மலிவு. நசுங்க வேண்டும் என்பதால் விளிம்பு மெல்லியதாகத்தான் இருந்தாக வேண்டும். மெல்லிய குப்பி பெரிய அழுத்தத்தைத் தாங்காது. ஆகவே இந்தத் தோட்டா எத்தனை காலம் ஆனாலும் பெரிதாக வளர முடியாது. ஒருமுறை சுட்ட குப்பியில் மறுபடி மருந்து நிரப்பவும் முடியாது.

1845-இல் பாரிஸில் ஃப்ளோபேர் என்பவர் இந்த வகையைக் கொண்டுவந்தபோது அது வீட்டுக் கூடத்துக்குள் நின்று சுட்டு விளையாடுவதற்கான சாமானாகவே இருந்தது. 1857-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் இதே விட்டத்தில் தோட்டா செய்து கைத்துப்பாக்கி விற்றது. 1887-இல் ஸ்டீவன்ஸ் நிறுவனம் 'லாங் ரைஃபிள்' என்ற தோட்டாவைக் கொண்டுவந்தது. இன்றைக்கும் உலகம் முழுக்கப் பொழுதுபோக்காகச் சுடுகிறவர்கள் வாங்குவது அதைத்தான். விட்டம் 0.22 அங்குலம், அதாவது 5.6 மில்லிமீட்டர். ஈயக் குண்டின் எடை ஏறக்குறைய 2.6 கிராம். போர்த் துப்பாக்கிகள் எத்தனையோ தலைமுறை மாறிவிட்டன. இது மாறவில்லை. 1960-இல் வந்த மார்லின் 60 ரைஃபிள் ஒரு கோடிக்கு மேல் விற்றது. 1964-இல் வந்த ரூகர் 10/22 இன்றும் விற்றுக்கொண்டிருக்கிறது.

ஏன் மாறவில்லை? மலிவு என்பது ஒரு காரணம். இதைவிட முக்கியமான காரணம் ஒன்றைச் சுட்டுப் பார்த்தவர்கள் சொல்வார்கள். பூக்கெட்டில் சுற்றுலாப் பயணிகள் காசு கொடுத்துச் சுடும் இடங்கள் உண்டு. நம் ஊர் இளைஞர்கள் அங்கே போனால் பட்டியலில் இருப்பதிலேயே பெரிய துப்பாக்கியைக் கேட்பார்கள். பத்துத் தோட்டா. தோள் பின்னால் போகும், காது அடைக்கும், நண்பன் வீடியோ எடுப்பான். அட்டையில் எங்கே பட்டது என்று எவனும் பார்க்க மாட்டான். நான் போனபோது பட்டியலில் கடைசியில் இருந்த பாயிண்ட் டூ டூ ரைஃபிளைக் கேட்டேன். பயிற்றுநர் பக்கத்தில் நிற்க, ஐம்பது தோட்டா சுட்டேன். தோளில் இடி இல்லை. சத்தம், பலகை ஒன்று கீழே விழுந்த மாதிரி. அதனால் வேறு விஷயங்கள் தெரிய ஆரம்பித்தன. மூச்சு உள்ளே போகும்போது துப்பாக்கியின் முனை ஏறுகிறது, வெளியே வரும்போது இறங்குகிறது. விரலை வெடுக்கென்று இழுத்தால் குண்டு ஓரம் போகிறது. நெஞ்சு அடித்துக்கொள்வதுகூட அட்டையில் விழுகிறது.

பெரிய துப்பாக்கியில் இந்தத் தப்புகளெல்லாம் வெடிச்சத்தத்துக்குள் ஒளிந்துகொள்ளும். வெடிக்கப் போகிறதே என்று உடம்பு முன்கூட்டியே பதறுவதைத் திருத்தப் பயிற்றுநர்கள் மாணவனிடம் கொடுப்பது இந்தச் சின்னத் துப்பாக்கியைத்தான். துப்பாக்கி என்றதும் ஆண்பிள்ளைகள் எதற்கு ஆசைப்படுகிறார்களோ, அந்தச் சத்தம், உதை, மிரட்டல் ஆகிய மூன்றையும் இது கழித்துவிடுகிறது. கழித்த பிறகு மிஞ்சுவது குறி. அந்தக் குறிக்காகத்தான் நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேலாக மனிதர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவு சொன்னதால் நான் துப்பாக்கி வியாபாரிகளின் பக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். 'பாதிப்பில்லாத துப்பாக்கி', 'குடும்பத் துப்பாக்கி' என்று அமெரிக்காவில் இதைப் பற்றிப் பேசுவது அப்பட்டமான பொய். 1968-இல் ராபர்ட் கென்னடியைக் கொன்றது பாயிண்ட் டூ டூ கைத்துப்பாக்கி. 1981-இல் அதிபர் ரேகனின் நெஞ்சுக்குள் போனதும் அதே அளவுக் குண்டுதான். 2012 டிசம்பரில் கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் கொன்ற இளைஞன், அதற்கு முன் படுக்கையில் இருந்த தன் தாயைக் கொன்றான். அதற்கு அவன் எடுத்தது வீட்டில் இருந்த பாயிண்ட் டூ டூ ரைஃபிள். பிள்ளையைச் சுடுதளத்துக்கு அழைத்துப் போனவள் அந்தத் தாய். இந்தத் தோட்டா ஒன்றரைக் கிலோமீட்டர்வரை பறக்கும். எம் 16 ரைஃபிளின் குண்டும் விட்டத்தில் ஏறத்தாழ இதே அளவுதான். பின்னால் இருக்கும் மருந்துதான் வேறு. 'பொம்மை' என்று சிரித்த தம்பிமார்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கவும்.

ஆகவே துப்பாக்கி வீட்டுக்குள் வரக்கூடாது. இந்த விஷயத்தில் நம் நாட்டுச் சட்டம் கடுமையானது, அந்தக் கடுமையை நான் ஆதரிக்கிறேன். 1960 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி ஏர் ரைஃபிளுக்குக்கூட லைசென்ஸ் வேண்டும். இல்லாமல் வைத்திருந்தால் ஏழாண்டு சிறை, அல்லது பத்தாயிரம் ரிங்கிட் அபராதம், அல்லது இரண்டும். 1971 ஆம் ஆண்டுச் சட்டம் சுடும் ஆயுதத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்குப் பதினான்கு ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் என்கிறது. தளர்த்தச் சொல்லி ஒரு வரிகூட நான் எழுத மாட்டேன்.

என் சண்டை சட்டத்தோடு இல்லை. துப்பாக்கி யார் கையில் விளையாட்டாகிறது, யார் விஷயத்தில் மட்டும் குற்றத்தின் அடையாளமாகிறது என்ற பழைய கணக்கோடுதான் என் சண்டை. அந்தக் கணக்கு தொடங்கிய இடம் தோட்டம்.

போயர் போரில் தங்கள் சிப்பாய்களுக்குக் குறி சரியில்லை என்று கண்ட பிரிட்டிஷார், 1901-இல் உழைப்பாளிகளுக்கான ரைஃபிள் மன்றங்களின் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். தளபதி ராபர்ட்ஸ் பிரபு ஊர் ஊராக இதற்காகப் பேசினார். மன்றங்களில் பயன்பட்டது மலிவான பாயிண்ட் டூ டூதான். ஆலைத் தொழிலாளியும் அஞ்சல்காரரும் மாலை வேளையில் குறி பழகினார்கள். அதே சாம்ராஜ்யத்தின் இன்னொரு மூலையான மலாயாவில் தோட்டத் துரைமார்கள் தொண்டர் படையில் சேர்ந்து சுடப் பழகினார்கள். பால்மரம் வெட்டியவனை அந்த மைதானத்துக்கு யாரும் கூப்பிடவில்லை. அங்கே உழைப்பாளிக்கு ரைஃபிள் மன்றம், இங்கே உழைப்பாளிக்குப் பெரட்டுக்களம்.

கூப்பிடாதது மட்டும்தான் என்றால் விட்டுவிடலாம். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வோடு அவர்கள் கேட்ட இன்னொன்று, துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியதில்லை என்பது. பதிலுக்குப் படை வந்தது. ஐந்து தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1949 மே 3-ஆம் தேதி தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் இதே நெகிரி செம்பிலானில், ஜெலுபு வட்டாரத்தில், கூர்க்கா படையினரால் சுடப்பட்டு இறந்தார். மறுநாள் மே 4-ஆம் தேதி புடு சிறையில் எஸ். ஏ. கணபதி தூக்கிலிடப்பட்டார். அவர்மீதான குற்றச்சாட்டு ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாவும் வைத்திருந்தார் என்பது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர் அவர். 1977-இல் பினாங்கில் 14 வயதுப் பள்ளி மாணவன் ஒருவனுக்கே துப்பாக்கி வைத்திருந்ததற்காக மரண தண்டனை விதிக்கப்பட்டது, பிறகு மாற்றப்பட்டது. துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டதும் தோட்டத்துத் தாய் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொள்வது அறியாமை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அது அனுபவம்.

என் சொந்த நினைவில் உள்ள துப்பாக்கியும் அப்படிப்பட்டதே. எழுபதுகளின் கடைசியில் எங்கள் தோட்டத்தில் நாய் சுடும் நாள் என்று ஒன்று உண்டு. தோட்டத்தின் பெயர் வேண்டாம், அந்தக் காலத்தில் பல தோட்டங்களில் நடந்ததுதான். முதல்நாள் பெரட்டில் மண்டோர் அறிவிப்பார். காலையில் பிள்ளைகள் நாயைக் குசினிக்குள் அடைத்துக் கதவைச் சாத்துவோம். கட்டப்படாத நாய் லயத்துக்கு முன்னாலேயே சுடப்படும். இரட்டைக்குழல் துப்பாக்கியின் அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். அதை வைத்திருப்பவன் ஆள்பவன், கேட்பவன் ஆளப்படுபவன் என்று எங்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. அதுவாகவே புரிந்தது.

இந்தப் புரிதலைத்தான் சினிமா காசாக்குகிறது. 2007-இல் 'பில்லா' நம் ஊரில் எடுக்கப்பட்டது. 2016-இல் 'கபாலி' நம்மையே கதையாக்கியது. 2022-இல் 'விக்ரம்' வந்தபோது துப்பாக்கி பெரிதாகப் பெரிதாக அரங்கில் கைதட்டலும் பெரிதானது. ஆளப்பட்டவனின் கையில் இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு சத்தத்தைக் கொடுத்து அனுப்புகிறார்கள். வெளியே வந்தால் கை காலி, காதில் மட்டும் இரைச்சல். சில பையன்கள் அந்த இரைச்சலைத் தேடிப் போகிறார்கள். போனவர்களில் சிலருடைய பெயரைத்தான் பிறகு பத்திரிகையில் பார்த்துத் தாளை மடிக்கிறோம்.

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். திரையில் 'பில்லா'வாக நடந்துவந்த அஜித் குமார் நிஜத்தில் துப்பாக்கி சுடும் விளையாட்டில் இருப்பவர். தமிழ்நாடு மாநிலப் போட்டிகளில் கலந்துகொண்டு பதக்கங்கள் வாங்கியவர். 2022 ஜூலையில் திருச்சி ரைஃபிள் கிளப்புக்கு அவர் போட்டிக்கு வந்தபோது வெளியே கூட்டம் திரண்டது. உள்ளே அவர் செய்தது என்ன? அசையாமல் நின்று, மூச்சை அடக்கி, அட்டையில் ஒரு புள்ளியைப் பார்த்ததுதான். வெளியே நின்ற ரசிகனுக்கு அந்த அஜித் தேவைப்படவில்லை. அவனுக்கு வேண்டியது கோட்டுப் போட்ட பில்லா. நாம் ரசிப்பது எது, கற்றுக்கொள்ள வேண்டியது எது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

குறி நம் பிள்ளைகளுக்குப் புதிது இல்லை. கொய்யாக் கவட்டையில் சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டிய லாஸ்டிக்கால், கிளை அசையாமல் ஒற்றை மாங்காயை மட்டும் விழவைத்த பையன்கள் லயத்துக்கு ஐந்து பேர் இருந்தார்கள். களிமண்ணை உருட்டி வெயிலில் காயவைத்துத்தான் உண்டை செய்வோம். ஓர் உண்டை கொஞ்சம் கோணலாக இருந்தால் அது எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள். இன்றைக்கு அவர்களில் சிலர் தொழிற்பேட்டையில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறார்கள். சிலர் லோரி ஓட்டுகிறார்கள். அவர்களில் ஒருவனிடமாவது, "தம்பி, உன் கண்ணும் கையும் ஒரு விளையாட்டுக்கு ஏற்றது" என்று எந்த ஆசிரியரும் எந்த அதிகாரியும் எந்த அரசியல்வாதியும் சொன்னதில்லை. சொல்ல அவர்களுக்கே தெரியாது. பந்துக்கு மைதானம் கேட்டோம், கோயிலுக்கு மானியம் கேட்டோம், குறிக்கு எதுவும் கேட்கவில்லை.

கேட்டால் கிடைக்குமா என்ற கேள்விக்கு மகாராஷ்டிரத்தைக் காட்டுவேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கினார் ஸ்வப்னில் குசாலே. அந்தப் போட்டியில் சுடுவது இதே பாயிண்ட் டூ டூ ரிம்ஃபயர்தான். அட்டையின் நடுவில் உள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், நம் ஐந்து சென் நாணயத்தைவிடச் சின்னது. கோலாப்பூர் பக்கத்துக் கிராமத்தில் பள்ளி ஆசிரியரின் மகன் அவர். மாநில அரசின் விளையாட்டுப் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்து வளர்ந்து, ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தவர். பணக்காரர் மன்றம் அவரை உருவாக்கவில்லை. அரசு திறந்துவைத்த ஒரு வாசல் வழியாக வந்தார்.

நம் நாட்டிலும் ஆள் இல்லாமல் இல்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று சுட்ட நூர் சுர்யானி தாய்பியை உலகமே பார்த்தது. சுபாங்கில் தேசியச் சுடுதளம் இருக்கிறது. இருந்து என்ன? உறுப்பியம், பரிந்துரை, சொந்தக் கார், ஓய்வான சனிக்கிழமை எல்லாம் உள்ளவனுக்குத்தான் அந்தப் பாதை திறக்கிறது. பி40 குடும்பத்துப் பிள்ளைக்குச் சுங்கை காடுட் கொமுட்டர் நிலையத்திலிருந்து அங்கே போய்வருவதே ஒரு நாள் கூலி.

அதனால் என் கோரிக்கையைச் சுருக்கமாக வைக்கிறேன். முதலில் ஏர் ரைஃபிள். 10 மீட்டர் தூரம், 4.5 மில்லிமீட்டர் குண்டு, ஒரு பழைய பள்ளி மண்டபம் போதும். 1984 முதல் அது ஒலிம்பிக் விளையாட்டு. அதில் தேறியவர்களுக்குப் பாயிண்ட் டூ டூ. துப்பாக்கி எதுவும் பிள்ளைக்குச் சொந்தமாகக் கூடாது, வீட்டுக்கு வரக்கூடாது. மாநிலத்தின் சொத்தாக, காவல்துறையின் பதிவில், பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். பயிற்றுநர் எண்ணிக் கொடுத்த தோட்டாவின் வெற்றுக் குப்பியைப் பிள்ளை எண்ணித் திருப்பிக் கொடுக்கட்டும். சிரம்பான் மாவட்டத் தமிழ்ப்பள்ளிகளிலிருந்து தொடங்கலாம். ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று தொடங்கினால் நானே முதல் ஆளாக எதிர்ப்பேன். இந்த விளையாட்டில் உடல் பலம் பெரிதில்லை என்பதைப் பெண்பிள்ளைகள் நிரூபித்து வெகுகாலம் ஆகிவிட்டது.

'கேங்குக்கு ஆள் தயார் பண்ணுறீங்களா?' என்று கேட்ட தாய்மார்களுக்கு என் பதில் இது. கேங்குக்குப் போகிறவனுக்கு வேண்டியது மற்றவன் பயப்படுவதைப் பார்க்கும் சுகம். சுடுதளத்தில் பயப்பட யாரும் இல்லை. எதிரே ஓர் அட்டை, அது மிரளாது, கெஞ்சாது. இரண்டு மணி நேரம் வாய் திறக்காமல், தன் மூச்சைத் தானே கவனித்து, ஒவ்வொரு தப்புக்கும் தன்னையே பொறுப்பாக்கி நிற்கப் பழகிய பையனை எந்தத் 'தலை'யும் எளிதில் வளைக்க முடியாது. துப்பாக்கியின் கனத்தையும் விதியையும் அறிந்தவனுக்கு அதன்மேல் உள்ள மயக்கம் தெளியும் என்றே நான் நம்புகிறேன்.

அகிம்சை பேசும் இலக்கிய நண்பர்களுக்கும் ஒன்று. 'துப்பாக்கியே வேண்டாம்' என்று சொல்வது சுலபம், கேட்கவும் அழகு. ஆனால் துப்பாக்கி இல்லாத நாட்டில் நாம் வாழவில்லை. மற்றவர்கள் வைத்திருக்க, நாம் அதன் எதிர்முனையில் நிற்கும் நாட்டில் வாழ்கிறோம். தமிழ்ப்பள்ளியில் வான்சிறப்பு அதிகாரம் நடத்தும்போது 'துப்பாக்கி' என்ற சொல் வந்ததும் வகுப்பே சிரிக்கும். வள்ளுவர் சொன்னது உணவாக்கி என்ற பொருளில், நாம் கைக்கொண்டது துருக்கிய மொழி வழியாக வந்த ஆயுதத்தின் பெயர். அந்தச் சிரிப்போடு பேச்சை முடித்துக்கொள்கிறோம். இனி அதற்குப் பிறகும் பேச வேண்டும். அடுத்த தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு சுங்கை காடுட்டுக்கு வருகிறவர்களிடம், கூடாரமும் நாற்காலியும் கேட்பதை நிறுத்திவிட்டு, பத்து மீட்டர் நீளத்தில் ஒரு மண்டபம் கேளுங்கள்.